அனன்யாவின் அலமாரி

ஆகஸ்ட் 5, திங்கள்

நூல் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி, ஏழு மாதமாகப் பிரிக்காமல் கிடந்தது. இன்று கோபத்தில் எடுத்தேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இந்த வீட்டில் நான் பேசினால் எதிர்ப்பேச்சு பேசாதது தையல் மிஷின் மட்டும்தான், அதற்கும் ஓடும்போது காது கேட்காது.

விஷயம் இது. எங்கள் ‘வெண்பஞ்சு’ நைட்டிகளை இணையத்தில் விற்கும் கடைக்கு ஒரு வலைப்பூ வேண்டும் என்று போன வருடம் என் கொழுந்தன் சிபி ஆரம்பித்தான். வலைப்பூவைப் படிக்க வருகிறவர்கள் அப்படியே கடைக்குள் நுழைந்து வாங்குவார்களாம். யார் எழுதுவது? அண்ணி எழுதட்டும், அண்ணி தமிழ் எம்.ஏ. எழுதினேன். முதல் நனைப்பில் துணி சுருங்காமல் இருக்க என்ன செய்வது, எந்தச் சாயம் இறங்கும், குள்ளமானவர்கள் கீழே எத்தனை அங்குலம் மடித்துத் தைப்பது, பாக்கெட் எந்தப் பக்கம் இருந்தால் சாவி குத்தாது. மொத்தம் பதினேழு கட்டுரைகள். ஒன்றிலும் என் பெயர் கிடையாது. ‘வெண்பஞ்சு குழு’ என்று போட்டிருந்தான். போகட்டும் என்று இருந்தேன்.

இன்று காலை திறந்தால் பெயர் வந்திருக்கிறது. ‘அனன்யாவின் அலமாரி’. பக்கத்தில் ஒரு படம். இருபத்தைந்து வயது இருக்கும், பால் நிறம், மடியில் லேப்டாப், கையில் காபிக் கோப்பை, எதிரில் யாரோ ஜோக் சொன்ன மாதிரி ஒரு சிரிப்பு. கீழே எழுதியிருக்கிறது: ‘வணக்கம், நான் அனன்யா. ஈரோட்டுப் பொண்ணு. துணிகளோடு பேசுவேன்.’

துணிகளோடு பேசுவாளாம். அவள் போட்டிருப்பது பாலியெஸ்டர்.

“ஆரு தம்பி இது?” என்று கேட்டேன்.

“மாடலுங்க அண்ணி. படம் விக்கற சைட்ல வாங்குனேன்.”

“எழுதறது நானு, படம் அவளுதா?”

“ஒரு முகம் இருந்தாத்தானுங்க அண்ணி சனத்துக்கு நம்பிக்கை வரும்.”

நம்பிக்கை வருவதற்காகப் பொய் சொல்கிறார்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து துணி பீஸ் எண்ணிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நான் வாட்ஸப்பில் எழுதி அனுப்பினால் சிபி அதில் ‘கீவேர்டு’ போட்டு வெளியிடுகிறான். ‘ஈரோடு காட்டன் நைட்டி’ என்ற மூன்று சொற்கள் ஒவ்வொரு கட்டுரையிலும் பதினொரு முறை வர வேண்டும். அப்போதுதான் தேடுகிறவர்களுக்கு நாம் முதலில் தெரிவோமாம். அதனால் நான் ‘மழைக்காலத்தில் துணியை நிழலில் உலர்த்துங்கள்’ என்று எழுதினால், அது ‘மழைக்காலத்தில் ஈரோடு காட்டன் நைட்டி துணியை ஈரோடு காட்டன் நைட்டி நிழலில் உலர்த்துங்கள்’ என்று வெளியே வருகிறது. ஈரோடு காட்டன் நைட்டி நிழல் எந்த மரத்தடியில் விழும் என்று கேட்டேன். சிரிக்கிறான்.

கல்லூரியில் எனக்கு இலக்கணம் நடத்திய அம்மையார் இதைப் படித்தால் என் பட்டத்தைத் திரும்பக் கேட்பார். நல்ல வேளை, என் பெயர் இல்லை. இதை எழுதிய பிறகு எனக்கே எரிச்சலாக வருகிறது. நல்ல வேளையாவது ஒன்றாவது.

ஆகஸ்ட் 12, திங்கள்

மின்தடை. மாவு அரைக்கவில்லை. அனன்யாவுக்கு இதுவரை நாற்பத்திரண்டு இதயக்குறிகள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வலைப்பூவுக்கு வரும் கேள்விகளை சிபி எனக்கு அனுப்புவான், நான் பதில் எழுதுவேன். இன்று வந்தது தாராபுரத்திலிருந்து. பரிமளம் என்று ஓர் ஆசிரியை, வயது ஐம்பத்திரண்டு. இரண்டு மாதத்துக்கு முன் மார்பில் அறுவைச் சிகிச்சை ஆகி ஒரு பக்கம் எடுத்துவிட்டார்களாம். கை மேலே தூக்க முடியவில்லை, தலைவழியாகப் போடும் நைட்டி ஒன்றையும் போட முடியவில்லை, அடுத்த மாதம் பள்ளிக்குப் போக வேண்டும், புடவை கட்டினால் முந்தானை நிற்கவில்லை, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, நீங்கள் துணியைப் பற்றி நன்றாக எழுதுகிறீர்கள் என்று எழுதியிருந்தார்.

மிஷினை நிறுத்திவிட்டு அப்போதே எழுத உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் ஆனது. சோறு குழைந்துவிட்டது.

முழுக்க முன்பக்கம் திறக்கிற நைட்டிதான் வேண்டும். ஜிப் கூடாது, பட்டன்தான். ஜிப்பின் பல் தழும்பில் பட்டால் உயிர் போகும். கைக்குழி ஒன்றரை அங்குலம் அதிகம் வெட்ட வேண்டும், கை வீங்கும் நாள்கள் உண்டு. உள்பக்கம் ஒரு பை தைத்து அதற்குள் பஞ்சுப் பொட்டலம் வைக்கலாம். வெறும் பஞ்சு என்றால் கனம் இல்லாமல் நடக்க நடக்கக் கழுத்துக்கு ஏறிவிடும். நடுவில் இரண்டு பிடி கம்புத் தானியம் போட்டுத் தைத்தால் இருந்த இடத்தில் இருக்கும், முந்தானையும் நிற்கும். துவைக்கும்போது கம்பை எடுத்துவிட வேண்டும், மறந்தால் முளைத்துவிடும். பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் யாரும் இடிக்க மாட்டார்கள்.

இதெல்லாம் ஒரு தோழி சொன்னது. மைசூரில் தம்பி வீட்டில் நான் எட்டு மாதம் இருந்தபோது பழக்கம்.

சிபிக்கு அனுப்பும்போது, இதில் உன் ஈரோடு காட்டன் நைட்டி ஒரு தடவை வந்தாலும் இனி ஒரு வரி எழுத மாட்டேன் என்று சேர்த்து அனுப்பினேன். ‘சரிங்க அண்ணி’ என்று மட்டும் பதில் வந்தது. அப்படியே வெளியிட்டுவிட்டான். கீழே அனன்யா காபிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 24, சனி

தைக்கிற பெண்களுக்கு இலவச மருத்துவ முகாம் என்று ஒரு குழுவினர் எங்கள் யூனிட்டுக்கு வந்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நர்ஸ் என் இடக்கையைப் பிடித்தாள். பறித்துக்கொண்டு வலக்கையை நீட்டினேன். “எந்தக் கையா இருந்தா என்னங்க்கா?” என்றாள். எனக்கு வலதுதான் பழக்கம் என்றேன். அழுத்தம் அதிகமாக இருக்கிறதாம். அனன்யாவைப் பார்த்தால் யாருக்கும் ஏறும்.

செப்டம்பர் 2, திங்கள்

பரிமளம் டீச்சர் எழுதியிருக்கிறார்:

‘அன்புள்ள அனன்யா கண்ணுக்கு, நீ சொன்னபடி பை தைத்தேன். இன்று புடவை கட்டிப் பள்ளிக்குப் போனேன். யாரும் என்னை உற்றுப் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் இன்றுதான் கண்ணாடி பார்த்தேன். உன் சின்ன வயதுக்கு இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாய். உன் தோழிக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் நன்றாக இருக்கிறாரா?’

நாலு தடவை படித்தேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. என் கண்ணுக்கு முன்னால் என் சம்பளக் கவரை வேறொருத்தி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. ‘தோழி நன்றாக இருக்கிறார்’ என்று பதில் எழுதினேன். இப்படிக்கு அனன்யா.

அந்தக் கட்டுரையை ஒன்பதாயிரம் பேர் படித்திருக்கிறார்களாம். முன்பக்கப் பட்டன் நைட்டி இருப்பில் இல்லாமல் தீர்ந்துவிட்டதாம். சிபி மைசூர்பாகு வாங்கி வந்தான். நான் தொடவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து என் மகள் ஓவியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். ஓவியா நேற்றே பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள். பையன் நல்ல மாதிரி. மொட்டைமாடியில் இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள்.

பையனின் அம்மா என்னிடம் வந்து உட்கார்ந்து, “உங்க பிளாக்கு நான் விடாமப் படிப்பனுங்க. அந்த அனன்யாப் புள்ள என்னமா எழுதுது! அவளும் உங்க சொந்தம், ஒறம்பரைங்களா?” என்றார். “வேலைக்கு வெச்சிருக்கறமுங்க” என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் டம்ளரை எடுத்து அடுக்கினேன்.

அப்புறம் அந்தம்மா குரலைத் தாழ்த்தி, “தப்பா நெனச்சுக்காதீங்க. சக்கரை, பிரஷரு எல்லா ஊட்லயும் உண்டு. வேற பெரிய நோக்காடு ஏதாச்சும் உங்க வம்சத்துல...?” என்று இழுத்தார். “ஒண்ணும் இல்லீங்க” என்றார் இவர். அவ்வளவு வேகமாக இவர் எதற்கும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. ஓவியா வெள்ளந்தியாக, “அம்மாவுக்கு மட்டும் ஆறு வருசத்துக்கு முன்னால கர்ப்பப்பை எடுத்தாங்க. மைசூர்ல மாமா ஊட்ல இருந்தாங்க. வேற ஒண்ணும் இல்லீங்க” என்றாள்.

நான் பஜ்ஜி எடுத்து வரப் போனேன்.

அவர்கள் போனபிறகு இவரிடம், இன்னும் எத்தனை நாளைக்கு அந்த அனன்யாவை வைத்துக் கூத்தடிக்கப் போகிறீர்கள், என் பெயரைப் போட்டால் குடி முழுகிவிடுமா என்று கேட்டேன்.

“சிபி போட்டோ கேட்டப்ப, என் படமும் வேண்டாம், பேரும் வேண்டாம்னு நீதானே சொன்ன?” என்றார்.

குக்கர் விசில் வந்தது. போய் அணைத்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசியில் மேற்கொண்டு பேசலாம் என்று கோபியில் சொல்லிவிட்டார்கள். ஓவியாவுக்குப் பிடித்திருக்கிறது, போனில் குரலிலேயே தெரிகிறது.

பெருந்துறை ரோட்டில் ஒரு பல் ஆஸ்பத்திரி போர்டில் அனன்யா சிரித்துக்கொண்டிருக்கிறாள். அதே கோப்பை, அதே சிரிப்பு. ‘உங்கள் புன்னகை எங்கள் பொறுப்பு.’ காய்கறிப் பையோடு ரோட்டோரம் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சிபியிடம் சொன்னால், “ஆரு கவனிக்கப் போறாங்க அண்ணி” என்கிறான்.

அக்டோபர் 1, செவ்வாய்

கோபத்தில் பேனாவை அழுத்தி எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக வரும், வரட்டும்.

அக்டோபர் மாதம் உலகம் பூராவும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாம். ரோஸ் நிறம் அதற்கு அடையாளமாம். சிபி காலையில் வலைப்பூவின் முகப்பை மாற்றியிருக்கிறான். அனன்யாவுக்குக் கணினியிலேயே ரோஸ் நைட்டி மாட்டிவிட்டிருக்கிறான். அவள் கையில் ரோஸ் ரிப்பன். மேலே கொட்டை எழுத்தில்: ‘பிங்க் தீபாவளி! தைரியப் பெண்களுக்கு 30 சதவீதத் தள்ளுபடி! ரெண்டு வாங்கினால் பஞ்சுப் பை இலவசம்!’ அதற்குக் கீழே டீச்சருக்கு நான் எழுதிய கட்டுரை. அதில் இப்போது ஈரோடு காட்டன் நைட்டி பதினொரு முறை வருகிறது. எண்ணினேன். ‘ஜிப்பின் பல் ஈரோடு காட்டன் நைட்டி தழும்பில் பட்டால்’ என்று இருக்கிறது.

பஞ்சுப் பை இலவசம்! கறிவேப்பிலை கொசுறு கொடுக்கிற மாதிரி!

மாடிக்குப் போய் சிபியைப் பிடித்துக்கொண்டேன். எடுடா அதை என்றேன். இத்தனை வருடத்தில் அவனை ‘டா’ போட்டது இதுதான் முதல் முறை.

“அண்ணி, நல்ல விசயந்தானுங்களே. விழிப்புணர்வு...”

“தழும்புக்குத் தள்ளுபடி போடறது விழிப்புணர்வா? அந்தப் பல்லு டாக்டர் பொண்ணுக்கு என்ன தெரியும்? ஒரு ராத்திரி கை வீங்கிப் படுத்திருப்பாளா அவ?”

அவன் என்னையே பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. அந்த மைசூர் எட்டு மாதத்தில் வாரா வாரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தவன் அவன். எனக்கு முடி கொட்டியபோது தானும் மொட்டை போட்டுக்கொண்டு வந்து பழனிக்கு வேண்டுதல் என்று சொன்னவன்.

“நீங்கதானுங்க அண்ணி ஆருக்கும் தெரியக் கூடாதுன்னீங்க” என்றான் மெதுவாக. “இப்ப திடீர்னு எடுத்தா காலைல இருந்து வந்த ஆர்டரெல்லாம் என்னன்னு சொல்றது?”

படியிறங்கி வந்துவிட்டேன். மேலே எழுதியதை ஒரு முறை படித்தேன். மொட்டை விஷயத்தை எழுதியிருக்கக் கூடாது. கிழிக்கவும் மனமில்லை.

அக்டோபர் 5, சனி

டீச்சரின் கடிதம். எதிர்பார்த்ததுதான். அப்படியே எழுதி வைக்கிறேன்.

‘அனன்யா என்ற பெயரில் எழுதுபவருக்கு. நேற்று ஈரோட்டுக்கு மருத்துவரைப் பார்க்க வந்தேன். வழியில் ஒரு பல் ஆஸ்பத்திரி விளம்பரத்தில் உங்களைப் பார்த்தேன். அப்புறம் உங்கள் தீபாவளித் தள்ளுபடியையும் பார்த்தேன். நீங்கள் என்று யாரும் இல்லை, உங்களுக்குத் தோழி என்றும் யாரும் இல்லை என்று புரிந்துகொண்டேன். கூலிக்கு எழுதுகிற யாரோ எங்கேயோ படித்து எழுதியதை நம்பி, வீட்டில்கூடச் சொல்லாததையெல்லாம் உங்களுக்கு எழுதினேன். என் நோய் உங்களுக்கு வியாபாரம். அந்தப் பையைப் போட்டுக்கொண்டு வகுப்பில் நின்றால் நெஞ்சில் ஒரு விளம்பரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது. வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனி எந்தப் பெண்ணிடமும் இப்படி விளையாடாதீர்கள்.’

இல்லை டீச்சர். இல்லவே இல்லை. எங்கேயோ படித்து எழுதியது இல்லை.

இதை நான் எங்கே போய்ச் சொல்வது?

அக்டோபர் 6, ஞாயிறு

இவரிடம் கடிதத்தைக் காட்டினேன். முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பாவம்தான். அதுக்காக? கோபில முடிவாகற நேரம். ஓவியா ஜாதகம் போன வருசம் நாலு எடத்துல தட்டிப் போச்சு. கண்ணாலம் முடியட்டும், அப்பறம் நீ ரேடியோல வேணாலும் பேசு.”

“அந்தம்மா பள்ளிக்கூடம் போறதை நிறுத்திட்டாங்க.”

“அவுங்க நமக்கு ஆரு?”

இவரைத் திட்டி இங்கே இரண்டு பக்கம் எழுதலாம் என்றுதான் டைரியை எடுத்தேன். எழுத வரவில்லை. மைசூருக்குக் கிளம்பிய அன்று, ஓவியாவுக்குக் கர்ப்பப்பை என்று சொல்லிவிடலாம், விடுதியில் படிக்கிற பிள்ளை, பயந்துவிடும் என்று முதலில் சொன்னது இவர் இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஓவியா லீவில் வந்திருக்கிறாள். காலையில் மிஷின்களைத் துடைத்து, கத்தரிக்கோல்களைத் தேய்த்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். சிபி கம்ப்யூட்டரையும் துடைத்து அதற்கும் பொட்டு வைத்தான். திரையில் வலைப்பூ திறந்திருந்தது. பொட்டு சரியாக அனன்யா நெற்றியில் விழுந்தது. ஓவியா கைகொட்டிச் சிரித்தாள். “சித்தப்பா, இப்பத்தான் இவ ஈரோட்டுப் பொண்ணாட்டம் இருக்கறா.”

நானும் சிரித்தேன். பொரி, சுண்டல் எல்லாருக்கும் கொடுத்தேன். இன்று எந்தக் கருவியையும் தொடக் கூடாது என்பதால் நாள் முழுக்கக் கை சும்மா இருந்தது. கை சும்மா இருந்தால் மனசு எங்கேயோ போகிறது.

ஓவியா பக்கத்தில்தான் படுத்திருந்தாள், மத்தியானம். என்னவோ ஒரு படம் பார்த்துக்கொண்டே என் மேல் காலைப் போட்டுத் தூங்கிவிட்டாள். சொல்ல எவ்வளவோ நேரம் இருந்தது.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. புது வேலை தொடங்க நல்ல நாள். காலை ஆறரைக்கு மாடிக்குப் போனேன். கடவுச்சொல்லை சிபி மானிட்டர் ஓரத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறான். எந்தப் பொத்தானை அமுக்கினால் வெளியே போகும் என்று ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். முதலில் அனன்யாவை எடுத்தேன். பிறகு தள்ளுபடியை எடுத்தேன். பிறகு இதை எழுதினேன்:

‘என் பெயர் பூங்கோதை. வயது நாற்பத்தேழு. இந்த அலமாரியில் இருக்கிற கட்டுரைகள் எல்லாவற்றையும் எழுதியது நான். படத்தில் சிரித்த பெண் யாரென்று எனக்குத் தெரியாது, அவர் மேல் தவறும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. இடது பக்கம் எடுத்துவிட்டார்கள். தோழி என்று நான் எழுதியது என்னைத்தான். பரிமளம் டீச்சர், அந்தப் பை நான் மைசூரில் ஒரு மழைக்காலம் பூராவும் தைத்துத் தைத்துப் பிரித்துக் கண்டுபிடித்தது. கம்பு முளைத்ததும் என் பையில்தான். இதை எழுதும்போதும் அதை வைத்திருக்கிறேன். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் உங்களுக்குச் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தயவுசெய்து பள்ளிக்குப் போங்கள்.’

வெளியிட்டேன். இந்த டைரியிலும் தோழி என்றுதான் எழுதியிருக்கிறேன், புரட்டிப் பார்த்தேன். டைரியிடம் எதற்கு மறைத்தேன்?

இறங்கி வந்து காபி வைத்தேன். மனசு லேசாக இருந்தது. ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு. பால் பொங்குவதற்குள் ஓவியா அடுப்படி வாசலில் நின்றாள், கையில் போன். புதுக் கட்டுரை வந்தால் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் தானாகவே வாட்ஸப்பில் செய்தி போகும். அவளும் அந்தப் பட்டியலில் இருக்கிறாள் என்பது எனக்கு நினைவே இல்லை.

“பதினோராயிரம் பேருக்குப் போயிருக்குதும்மா” என்றாள். “அதுல நானும் ஒருத்தி.”

“கண்ணு, நீ அப்ப சின்னப் புள்ள...”

“எனக்கு இருவத்தஞ்சு வயசும்மா. தாராபுரத்துல ஆரோ ஒரு டீச்சருக்குச் சொல்லத் தோணுது, பக்கத்துல படுத்திருந்த எங்கிட்டச் சொல்லத் தோணல.” போனை மேடையில் கவிழ்த்து வைத்தாள். “போன வருசம் எனக்கு ஒரு கட்டி வந்துச்சு. சின்னதுதான். பெங்களூர்ல டாக்டர் கேட்டாங்க, குடும்பத்துல ஆருக்காச்சும் இருக்குதான்னு. அம்மாவுக்கோ அம்மாயிக்கோ இருக்குதான்னு. நான் இல்லைன்னேன். சிரிச்சுக்கிட்டே இல்லைன்னேன். அவங்களும் சரின்னு மாத்திரை குடுத்து அனுப்பிச்சாங்க.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அணைக்கவில்லை.

“நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்று கேட்டேன். கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது.

“நீ பயந்துக்குவேன்னு” என்றாள்.

மாடியிலிருந்து சிபி ஓடி வந்தான். எங்கள் முகத்தைப் பார்க்காமலே, “அண்ணி, கீவேர்டு ஒண்ணுகூடப் போடலையே” என்று ஆரம்பித்தவன், பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனான்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஓவியா பேசவில்லை. பெங்களூருக்கும் கிளம்பவில்லை. இவர் சாப்பிடவில்லை.

இரண்டு மாதமாக இந்த டைரியில் யார் யாரையோ திட்டியிருக்கிறேன். பொய் முகம் வைத்தார்கள், என்னைக் கேட்கவில்லை, என்னை மறைத்தார்கள் என்று. என் மகளுக்கு ஆறு வருடமாக நான் அனன்யாவாக இருந்திருக்கிறேன். காபிக் கோப்பை ஒன்றுதான் குறை.

அக்டோபர் 15, செவ்வாய்

கோபியிலிருந்து தரகர் பேசினார். அவர்கள் ‘கொஞ்சம் யோசிக்கிறார்களாம்’. இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். “யோசிக்கட்டும்” என்றார். “மறைச்சுக் கட்டிக்குடுத்துட்டு தெனம் பயந்துட்டு இருக்கறதுக்கு இது தேவலை.” அப்புறம் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு தோசை சாப்பிட்டார்.

மாலை டீச்சரிடமிருந்து ஒரே வரி: ‘பழையதை வெட்டிவிட்டேன், இரண்டு பிடிக் கம்பு என்பது உங்கள் கைப்பிடியா, என் கைப்பிடியா?’

அக்டோபர் 19, சனி

நேற்று முன்தினம் ஓவியா தானாகவே வந்து, “சனிக்கிழமை கோயமுத்தூர் போறேன், காட்டறதுக்கு. வர்றயா?” என்று கேட்டாள். நாலு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

போய் வந்தோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: பயம் இல்லை. வெறும் கட்டிதான், கெட்டது இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் இனி வருடா வருடம் கட்டாயம் வந்து பார்க்க வேண்டும் என்றார். ஓவியா தலையாட்டினாள். நான் அவர் மேசை மேலிருந்த பேப்பர்வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணைத் தூக்கினால் அழுதுவிடுவேன் என்று.

அதற்கு முன்னால், காத்திருக்கும் கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, ஊர். ஓவியா மடியில் வைத்து எழுதினாள். நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் ஒரு கேள்வி வந்தது: குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா? இருந்தால் யாருக்கு, எந்த வயதில்?

பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“நாப்பத்தொண்ணு” என்றேன்.

அவள் குனிந்து நிறுத்தி நிதானமாக எழுதினாள். அம்மா. வயது 41. அந்தக் கட்டத்தில் அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். அவள் அதோடு விடவில்லை. பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், இடித்து நெருக்கி, பூங்கோதை என்று எழுதினாள்.